நீர்மூழ்கிக்குச் செய்தி வராத நாள்

மொன்றியலில் முப்பது வருடத்துக்கு மேலாக நிரல் எழுதிப் பிழைத்தேன். துறைமுக நெரிசல், விமான நிலையப் பொதிகள், வைத்தியசாலைக் காத்திருப்பு வரிசை என்று பலவற்றுக்கும் கணினியில் பாவனையாக ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷன் செய்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் வரும் புதியவர்கள் எந்தக் கணினி மொழியைப் படிக்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு என்னைவிட நன்றாகப் பதில் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். நான் எழுத நினைப்பது தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நான் விட்ட ஒரு பிழையைப் பற்றி. அந்தப் பிழையால் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. ஆனாலும் அன்று ஒரு ஹோட்டல் கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன்.

1. நான்கு இருந்தால் ஒன்று

அப்போது எங்கள் கம்பெனி சென்ட் லோரன்டில் ஒரு மருந்துக் களஞ்சியத்துக்கு மேல்மாடியில் இருந்தது. மொத்தம் பதினொரு பேர். என்னுடைய மேலாளர் ராகவன், சென்னைக்காரர், கர்க்லாண்டில் வீடு. நான் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, இரண்டு வருடம் பெட்டி கட்டும் வேலை செய்து, பிறகு என் கணிதப் பட்டத்தைத் தூசி தட்டி எடுத்து அங்கே சேர்ந்தவள். அவரை நான் 'சேர்' என்பேன். அவர் என்னை 'வாசுகி, நீங்க' என்பார்.

ஒரு திங்கட்கிழமை என்னைக் கூட்ட அறைக்குக் கூப்பிட்டார்.

"வாசுகி, இது கொஞ்சம் வித்தியாசமான ப்ராஜெக்ட். அணு ஏவுகணை சப்மரீன். கையில பேனா எடுத்துக்கிட்டு வாங்க."

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் மதாம் ஜோஸ்லின், பாதுகாப்பு விடயங்களை ஆராயும் ஒரு குழுவின் தலைவி. மற்றவர் மெலிந்த, நரைத்த மனிதர். கனடாவுக்கு அணு ஏவுகணைக் கப்பல் எதுவும் கிடையாது. அது இருக்கிற ஒரு நாட்டின் கடற்படையில் நீர்மூழ்கிக்குத் தலைமை தாங்கி ஓய்வு பெற்றவர் அவர். எல்லோரும் அவரைக் 'கமாண்டர்' என்றே அழைத்தோம். அவர்கள் ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

கமாண்டர் வெள்ளைப் பலகையில் நான்கு கோடு கீறினார்.

"நான்கு போட். நீர்மூழ்கியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஒன்று பெரிய திருத்தத்தில் கழற்றிக் கிடக்கும். ஒன்று இப்போதுதான் திரும்பி வந்திருக்கும். ஒன்று பயிற்சியில். மிச்சம் ஒன்றுதான் கடலில். அந்த ஒன்று இல்லாத நாள் என்று ஒரு நாளும் இருக்கக் கூடாது. அதற்குத்தான் நான்கு."

"கடலில என்ன செய்வீங்கள்?" என்று கேட்டேன்.

"காணாமல் போவோம். வேறு வேலையே கிடையாது. வாரக்கணக்கில் மெதுவாக, சத்தமில்லாமல் சுற்றுவோம். எங்கே இருக்கிறோம் என்று எங்கள் சொந்தக் கடற்படைக்கே சரியாகத் தெரியாது. எங்கள் நாட்டை ஒருவன் அழித்தாலும் எங்களை அழிக்க முடியாது, நாங்கள் திருப்பி அடிப்போம் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். அது தெரிந்தால் அவன் முதலில் அடிக்க மாட்டான். தடுப்பு என்பது அவ்வளவுதான்."

போட் எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்குமாம், பேசாதாம். பேசினால் இடம் தெரிந்துவிடும். கரையிலிருந்து மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் செய்தி போய்க்கொண்டே இருக்கும். ஒரு நீண்ட கம்பியை இழுத்துக்கொண்டு போய் அதை வாங்குவார்கள். குடும்பத்தாரிடமிருந்து கிழமைக்குச் சில வரிகள் வரும். பதில் அனுப்ப முடியாது.

"கெட்ட செய்தி என்றால்?"

"போகுமுன் ஒரு படிவம் தருவார்கள். சொல்ல வேண்டுமா, வேண்டாமா என்று. நான் வேண்டாம் என்று போட்டிருந்தேன். இரண்டாம் கிழமை என் அம்மா இறந்தார். கரைக்கு வந்து ஏணியில் இறங்கும்போதுதான் சொன்னார்கள். அதற்குள் அடக்கம் முடிந்து இரண்டு மாதம்."

சாதாரணமாகத்தான் சொன்னார். நான் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன். அவர் பலகையைத் துடைத்தார்.

அவர்களுக்குத் தேவைப்பட்டது இரண்டு நாள் பயிற்சி ஒன்று. பனிப்போர் முடிந்துவிட்டது, இனியும் இப்படி ஒரு போட் எப்போதும் கடலில் இருக்கத்தான் வேண்டுமா என்று பேசுவதற்குப் பேராசிரியர்கள், அரச அதிகாரிகள், பழைய கடற்படைக்காரர்கள் மொன்றியலில் கூடப்போகிறார்கள். அவர்கள் பிரதமராகவும் கரையாகவும் போட்டாகவும் பிரிந்து இருந்து முடிவெடுப்பார்கள். கடல், காலநிலை, செய்தித் தொடர்பு எல்லாவற்றையும் எங்கள் நிரல் நடத்த வேண்டும்.

சாப்பாட்டு நேரத்தில் ராகவன் சேரிடம் கேட்டேன்.

"சேர், இதை நாங்கள் செய்யத்தான் வேணுமோ?"

"நாம குண்டா செய்யறோம்? நாலு பேர் உக்காந்து யோசிக்கிறதுக்கு ஒரு ஸ்கிரீன் பண்ணிக் குடுக்கறோம். அவ்வளவுதான் வாசுகி."

அவர் சொன்னதில் பிழை இருப்பதாக எனக்கும் தோன்றவில்லை.

2. கடைசி நாள் திருத்தங்கள்

நான்கு மாதம் எழுதினேன். உண்மையைச் சொன்னால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. கரைக்கென்று ஒரு பகுதி செய்தேன். அதில் காற்று, மழை, துறைமுகப் போக்குவரத்து, மின்சாரம் எல்லாம் தானாக ஓடும். போட்டுக்கு இன்னொரு பகுதி. இரண்டுக்கும் நடுவில் செய்தி போகும் வழி.

செய்தி நின்றுவிட்டால் கப்டன் என்ன செய்ய வேண்டும் என்று கமாண்டர் ஒரு பட்டியல் தந்தார். அது இந்தப் பயிற்சிக்கென்றே தயாரித்தது. முதலில் வேறு அதிர்வெண்களைத் தேட வேண்டும். பிறகு நட்பு நாட்டுச் செய்திகள். கடைசியாக, சனங்கள் கேட்கும் சாதாரண வானொலி. அதுவும் இல்லையென்றால் பெட்டகத்தைத் திறந்து, பிரதமர் முன்கூட்டியே எழுதி வைத்த கடிதத்தைப் படிக்க வேண்டும்.

அந்த மாதங்களில் என் வீட்டிலும் ஒரு செய்தி வராமல் இருந்தது. போரில் யாழ்ப்பாணம் முழுதாக இடம்பெயர்ந்த பிறகு, அங்கே இருந்த என் அண்ணையிடமிருந்து ஒரு வரி இல்லை. ஒரு வருடம் தாண்டிவிட்டது. என் கணவர் சிவா ஒரு காலை, பிள்ளையைக் கார்டரி என்கிற பகல் காப்பகத்துக்குக் கொண்டுபோக வெளிக்கிடும்போது சொன்னார்:

"வாசுகி, மனசை ஆயத்தப்படுத்து. என்ர அம்மாவும் கேக்கிறா, ஆத்மசாந்திக்குக் கோயில்ல ஏதும் செய்வமோ எண்டு."

"என்னத்தைச் செய்யிறது? எனக்கு இன்னும் ஒண்டும் தெரியாது. தெரியாமல் நான் ஒண்டும் செய்யமாட்டன்."

அவர் பிள்ளையின் சப்பாத்தைக் கட்டத் தொடங்கினார்.

பயிற்சிக்கு முந்தின நாள் மதாம் ஜோஸ்லின் தொலைபேசியில் வந்தார். திரைகள் எல்லாம் பிரெஞ்சிலும் இருக்க வேண்டும்; சாதாரண வானொலிக்குத் தனியாக ஒரு திரை வேண்டும்; எத்தனை நிலையம் கேட்கிறது என்று அதில் எண் வர வேண்டும். நான் திரையை வரைந்தேன். எண்ணுக்கு ஒரு இடம் வைத்தேன். உண்மையான எண் வரும்வரை இருக்கட்டும் என்று அதில் ஆரம்பப் பெறுமதியாகப் பூச்சியம் போட்டேன். கரைப் பகுதியில் வானொலி நிலையங்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. அங்கிருந்து எண்ணை எடுத்து இங்கே இணைக்க வேண்டியதுதான் பாக்கி. அரை மணி நேர வேலை.

அந்த நேரம் ராகவன் சேர் வந்தார். "நம்ம லோகோவோட நீலம் சரியில்லைன்னு சொல்றாங்க. அதை முதல்ல பாருங்க, ப்ளீஸ்."

லோகோவைப் பார்த்தேன். பிறகு பிரெஞ்சு எழுத்துகளின் மேல் குறிகள் சரியாக விழவில்லை. அதையும் பார்த்தேன். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் எல்லாம் முடித்துவிட்டேன் என்ற திருப்தி இருந்தது.

3. பூச்சியம்

பயிற்சி நகர மையத்தில் ஒரு ஹோட்டலில் நடந்தது. பிரதமருக்கு ஓர் அறை, கரைக்கு ஓர் அறை, போட்டுக்கு ஓர் அறை. நடுவிலிருந்த நடைவழியில் எங்கள் மேசை. மூன்று அறையின் திரைகளும் எங்களுக்குத் தெரியும், பேச்சும் ஒலிபெருக்கியில் கேட்கும். நடக்கும்போது யாரும் அறைக்குள் போகக் கூடாது என்பது மதாம் ஜோஸ்லினின் கண்டிப்பான விதி.

முதல் நாள் அமைதியாகப் போனது. பிரதமராக இருந்தவர்கள் கடிதம் எழுதி ஒட்டிக் கொடுத்தார்கள். போட்டில் கப்டனாக இருந்தவர் ஒரு வரலாற்றுப் பேராசிரியர், அறுபது வயதிருக்கும். காலையில் எனக்குக் கதவைத் திறந்துவிட்டு, என் ஊர் எது என்று கேட்டு, பெயரைச் சரியாக உச்சரிக்கும்வரை மூன்று தரம் சொல்லிப் பார்த்த மனிதர். அவருக்கு உதவியாக ஓர் இளம் அதிகாரி, பெண்.

இரண்டாம் நாள் காலை, திட்டப்படி, கரையில் ஒரு புயல். ஒலிபரப்புக் கோபுரம் விழுந்தது. போட்டுக்குச் செய்தி நின்றது. கப்டன் பட்டியலைப் பார்ப்பார், கடைசியில் சாதாரண வானொலியைக் கேட்பார், நாடு இருக்கிறது என்று அறிந்து காத்திருப்பார். பிறகு மத்தியானச் சாப்பாடு. அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது.

பதினொரு மணியளவில் அவர்கள் கடைசித் திரைக்கு வந்தார்கள்.

"பொது வானொலி, பூச்சியம்," என்றார் இளம் அதிகாரி.

"பூச்சியமா? திரும்பப் பாருங்கள்."

"பார்த்துவிட்டேன். பூச்சியம்."

"ஒன்றுகூட இல்லையா? ஒரு பாட்டு? காலநிலை அறிவிப்பு?"

"ஒன்றும் இல்லை, சேர்."

நான் அந்தத் திரையைப் பார்த்தேன். எழுத்து அழகாக இருந்தது. பிரெஞ்சுக் குறிகள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. நடுவில் பூச்சியம். நான் இணைக்க மறந்த எண்.

"சேர், அது என்ர பிழை! அந்த எண் உண்மையான எண் இல்லை. நான் இணைக்கேல்லை."

ராகவன் சேர் திரையைக் குனிந்து பார்த்தார். "நிஜமாவா?"

"ஓம். நிப்பாட்டுங்கோ. நான் உள்ள போறன்."

"இருங்க, இருங்க. உள்ள போகக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. அவர் எப்படியும் காத்திருப்பார். ஒரு ஹிஸ்டரி ப்ரொபசர், வாசுகி. அவர் போய் சுடுவாரா?"

நான் கதவுவரை போனேன். கைப்பிடியில் கை வைத்தேன். திறக்கவில்லை. இன்றுவரை எனக்கு விளங்காத இடம் அதுதான். விதி என்பதாலா, அவர் சுடமாட்டார் என்று நானும் நம்பியதாலா, அல்லது எல்லோர் முன்னாலும் என் பிழையைச் சொல்ல வெட்கமா? மூன்றும்தான் என்று நினைக்கிறேன்.

உள்ளே கடிதத்தைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. பேராசிரியர் படித்தார்: "நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் நாங்கள் இல்லை. செய்ய வேண்டியதை உங்கள் முடிவுக்கு விடுகிறோம்."

பிறகு அவர் சொன்னார்:

"எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம். இப்போது நாங்கள் செய்யாவிட்டால், இத்தனை வருடம் சொன்னது பொய் என்றாகிவிடும். உங்கள் சாவியைப் போடுங்கள்."

ஏவுகணைகளை ஏவும் இரண்டு சாவிகளும் ஒன்றாகத் திரும்பின. என் மேசைத் திரையில் எதிரி நாட்டு நகரங்கள் ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறமாகின. பெயர் வைக்காமல் எண் மட்டும் கொடுத்திருந்தேன். அந்த நிறத்தையும் நான்தான் தெரிவு செய்தேன். பச்சையிலிருந்து சாம்பலுக்கு மாறினால் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் என்று. நடைவழியின் மறுகோடியில் யாரோ கைதட்டினார்கள். பயிற்சி சிறப்பாக நடந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில்.

அப்போதுதான் நான் கழிவறைக்குப் போனேன்.

4. மத்தியானக் கூட்டம்

நான் திரும்பி வந்தபோது எல்லோரும் பெரிய அறையில் இருந்தார்கள். சான்ட்விச் தட்டுகள் சுற்றிக்கொண்டிருந்தன. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். எதையும் சாப்பிடவில்லை.

வாசலில் ராகவன் சேர் என்னை மறித்தார். "இப்போ சொல்ல வேண்டாம். சாயங்காலம் நான் அவங்ககிட்டத் தனியா பேசிக்கறேன். அடுத்த கான்ட்ராக்ட் இதை வெச்சுத்தான் வரணும். பதினொரு பேர் வேலை, வாசுகி."

மதாம் ஜோஸ்லின் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார். "கப்டன் ஒவ்வொரு படியையும் சரிபார்த்தார். முழுத் தகவலும் அவரிடம் இருந்தது. அதன் பிறகே முடிவெடுத்தார். இராணுவப் பயிற்சி இல்லாத, மென்மையான ஒரு மனிதரே சுடுவார் என்றால், இந்தத் தடுப்பை எதிரி நம்பித்தான் ஆக வேண்டும். அறிக்கையின் முதல் வரியே இதுதான்."

முழுத் தகவல் என்ற சொல் காதில் விழுந்ததும் நான் கையை உயர்த்திவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை. எழுந்து நின்றேன்.

"மன்னிக்க வேண்டும். வானொலித் திரையில் வந்த பூச்சியம் என் பிழை. அந்த எண்ணை நான் எதனோடும் இணைக்கவில்லை. கரையில் வானொலிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. கப்டனுக்குத் தெரியவில்லை."

அரச அதிகாரி ஒருவர்தான் முதலில் வாய் திறந்தார். "பரவாயில்லை. திருத்திவிட்டு மூன்று மணிக்குத் திரும்ப ஓட்டலாமே?"

"திரும்பவா?" என்றார் பேராசிரியர். அவ்வளவுதான் அவரால் சொல்ல முடிந்தது.

மதாம் ஜோஸ்லின் என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "அவருக்குத் தெரிந்த அளவில் அவர் முடிவு சரிதானே? பூச்சியம் என்றால் நாடு இல்லை என்றுதானே எவரும் எடுப்பார்கள்?"

நான் திட்டமிட்டுப் பேசவில்லை. வாயில் வந்துவிட்டது.

"மதாம், என் அண்ணாவிடமிருந்து ஒரு வருடமாகச் செய்தி இல்லை. எங்கள் ஊருக்குத் தொலைபேசி இல்லை, தபால் இல்லை. அவர் இறந்துவிட்டார் என்று எடுக்கச் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்தது செய்தி இல்லை என்பது மட்டும்தான்."

பின் வரிசையிலிருந்து கமாண்டர் எழுந்தார்.

"என் போட்டிலும் திரைகள் இருந்தன. பூச்சியம் என்று காட்டினால் பூச்சியம் என்றுதான் நம்பினேன். எனக்குப் பயிற்சி தந்தார்கள், கட்டளைகளைச் சோதித்தார்கள், சாவியைச் சோதித்தார்கள். அந்தத் திரையை எழுதியது யார், எந்த மத்தியானம், எவ்வளவு களைப்போடு எழுதினார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை." கொஞ்சம் நிறுத்தினார். "இங்கே இந்தப் பெண் எழுந்து நின்று சொல்கிறார். அங்கே சொல்ல ஆள் இருந்திருக்காது. இருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது."

அவர் உட்கார்ந்தபோது கதிரையின் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். நான்கு மாதத்துக்கு முன் எங்கள் கூட்ட அறையில் தன் தாயின் மரணத்தைச் சொன்னபோது இல்லாத ஒரு முகம் அப்போது அவரிடம் இருந்தது. மூன்று மணிக்குப் பயிற்சி திரும்ப ஓடவில்லை.

5. பிறகு

அடுத்த கான்ட்ராக்ட் வரவில்லை. ராகவன் சேர் இரண்டு கிழமை என்னோடு வேலைக்குத் தேவையானதை மட்டும் பேசினார். பிறகு ஒருநாள் என் மேசைக்கு வந்து, "லோகோவைப் பாருங்கன்னு நான்தான் சொன்னேன். அதை அங்க நானும் எந்திரிச்சு சொல்லியிருக்கணும்," என்றார். நான் "பரவாயில்லை சேர்" என்றேன். உள்ளுக்குள் எனக்கு அப்படி இருக்கவில்லை. ஆனாலும் அவர் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அந்த நாளில் வேறொரு மேலாளர் நிறுத்தியிருப்பார். துறைமுக வேலை ஒன்று கிடைத்து கம்பெனி தப்பியது.

மாசியில் அண்ணையின் கடிதம் வந்தது. கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்து எழுதியது. எழுதிய திகதிக்கும் என் கைக்குக் கிடைத்த திகதிக்கும் எட்டு மாத இடைவெளி. சிவா அதை வாங்கிப் படித்துவிட்டு, தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து தந்தார்.

வசந்தத்தில் மதாம் ஜோஸ்லினின் அறிக்கை தபாலில் வந்தது. நல்ல தாள், நல்ல அச்சு. எங்கள் லோகோ சரியான நீலத்தில் இருந்தது. முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்தேன். 'கப்டன் முழுமையான சரிபார்ப்புக்குப் பின்னரே முடிவெடுத்தார்.' என் பிழையைப் பற்றி எந்தப் பக்கத்திலும் ஒரு வரி இல்லை. அறை நிறைந்த ஆட்கள் கேட்டார்கள். அவ்வளவு பேரும் கேட்ட ஒன்று தாளில் இல்லாமல் போய்விட்டது. நான் மதாம் ஜோஸ்லினுக்கு ஒரு கடிதம் எழுதினேன். பிரதிகளைப் பயிற்சிக்கு வந்த அத்தனை பேருக்கும் அனுப்பினேன். அவர் பதில் போடவில்லை. கமாண்டர் ஒரு வரி எழுதியிருந்தார்: 'என் பிரதியை என் பழைய கடற்படைக்கு அனுப்பியிருக்கிறேன்.' அங்கே அதை யார் படித்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

ஒரு கிழமைக்குப் பிறகு, காலை பத்து மணிக்கு, வேலைத்தலத்துக்குப் பேராசிரியர் தொலைபேசியில் வந்தார்.

"உங்கள் கடிதம் கிடைத்தது. ஒன்று கேட்க வேண்டும். சிறுபிள்ளைத்தனமாக இருக்கலாம்."

"கேளுங்கள்."

"நான் சாவியைத் திருப்பிய நேரம், உங்கள் நிரலில், என் நாடு எப்படி இருந்தது?"

பதிவுகளை நான் அழித்திருக்கவில்லை. அவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு அந்த நேரத்தைத் தேடி எடுத்தேன். கரைப் பகுதி வழக்கம்போல ஓடியிருந்தது. வரி வரியாக வாசித்துக் காட்டினேன். காற்று தணிந்துவிட்டது. மழை தூறல். துறைமுகத்துக்குள் இரண்டு சரக்குக் கப்பல்கள் நுழைகின்றன. மின்சாரம் மூன்று வட்டாரங்களில் இல்லை, மற்ற இடங்களில் உண்டு. வானொலி நிலையங்கள் பதினான்கு.

"பதினான்கு," என்றார்.

"ஓம்," என்று தமிழில் சொல்லிவிட்டேன். அவருக்கு விளங்கியது.

பிறகு அந்தப் பக்கத்தைத் தபாலில் அனுப்ப முடியுமா என்று கேட்டார். அன்றே அனுப்பினேன்.

அதற்குப் பிறகு நான் எழுதிய எந்த நிரலிலும் ஆரம்பப் பெறுமதியாகப் பூச்சியம் போட்டதில்லை. 'இல்லை' என்பதற்கு ஓர் இடமும், 'தெரியாது' என்பதற்கு இன்னோர் இடமும் தனியாக வைப்பேன். வைத்தியசாலைக்குச் செய்தாலும், விமான நிலையத்துக்குச் செய்தாலும், திரையில் 'தெரியாது' என்று காட்டினால் வாடிக்கையாளருக்குப் பிடிக்காது. அதை எடுத்துவிடச் சொல்லிச் சண்டை பிடிப்பார்கள். பல தரம் பிடித்தார்கள். நான் எடுக்கவில்லை.